4 அடி ரீஃப் டேங்குக்கு நம்பி வாங்கக்கூடிய வேவ்மேக்கர் எது? கரண்ட் போய் வருகிற வீடு

நீலத்தொட்டி (பெரம்பூர், சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 4×1.5×1.5 அடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). கல், மணல் போக உள்ளே 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் நிற்கும். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீன், பவளங்களில் லெதர், மஷ்ரூம், நாலைந்து வகை ஜோவா இருக்கின்றன.

டேங்க் வாங்கும்போது கடையில் சேர்த்துக் கொடுத்த ஏசி வேவ்மேக்கர்தான், அதாவது டேங்குக்குள் அலை எழுப்பும் பம்ப்தான், இப்போது ஓடுகிறது. கொஞ்ச நாளாக ராத்திரியில் கரகரவென்று சத்தம். கரண்ட் போய் வந்தால் சில சமயம் கிளம்புவதே இல்லை, முனகிக்கொண்டு நிற்கும். உள்ளே கைவிட்டு விரலால் தட்டினால்தான் சுற்றும். பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுகிறோம், அந்த நேரத்தில் நின்றுபோனால் கேட்க ஆளில்லை.

கையில் 15,000 ரூபாய் வரை இருக்கிறது. கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் விசாரித்தால் கடைக்கு ஒரு பிராண்ட் சொல்கிறார்கள். பெட்டியில் மணிக்கு 12,000 லிட்டர், 20,000 லிட்டர் என்று போட்டிருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது? பெரியதாக ஒன்று வாங்கலாமா, சின்னதாக இரண்டா? ஆப், வைஃபை எதுவும் எனக்கு வேண்டாம். நிற்காமல் ஓடினால் போதும்.

உப்புநீர் (கோவை)

இரண்டு வாங்குங்கள் ப்ரோ. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது நிற்கும் நாளில் டேங்க்கே நின்றுவிடும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மின்கம்பி (மதுரை)

பம்ப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயம். "கைவிட்டு விரலால் தட்டினால்தான் சுற்றும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி ஒரு முறைகூட அப்படிச் செய்யாதீர்கள். உங்களுடைய பம்ப் 230 வோல்ட்டை நேராக உப்புத் தண்ணீருக்குள் கொண்டுபோகிறது. உள்ளே செம்புக் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றி ஊற்றியிருக்கும் எபாக்ஸியில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் முழுவதும் கரண்ட். உப்புத் தண்ணீர் எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்று சொல்லத் தேவையில்லை. தரையில் வெறுங்காலோடு நின்று கைவிடுகிறோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பழைய வயரிங் உள்ள வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, டேங்க் ஓடும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா? எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபி இருந்தால் மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் பம்ப் பட்ஜெட்டிலிருந்து எடுத்தாவது முதலில் அதைப் போடுங்கள்.

வயர் டேங்க்கிலிருந்து இறங்கும்போது பிளக் பாயிண்டுக்குக் கீழே வரை தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும். அப்போதுதான் வயரோடு வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

பவளத்திட்டு (மயிலாப்பூர்)

மின்கம்பி சார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

தம்பி, புதியது வாங்குவதற்கு முன் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். ராத்திரிச் சத்தம், கிளம்பாமல் நிற்பது, இரண்டுமே பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கை) சுற்றும் தண்டும் அதன் முனைகள் உட்காரும் புஷ்ஷும். ரீஃப் டேங்க்கில் கால்சியமும் அல்கலினிட்டியும் உயர்ந்தே இருக்கும். பம்புக்குள் சூடு அதிகம் என்பதால் சுண்ணாம்பு அங்கேதான் முதலில் படியும். ஓடிக்கொண்டிருக்கும் வரை உரசிக்கொண்டே ஓடிவிடும். இந்த வகைச் சின்ன ஏசி மோட்டாருக்குக் கிளம்பும் விசை ரொம்பக் குறைவு, அதனால் ஒருமுறை நின்றுவிட்டால் அந்தப் படிவை மீறிச் சுற்ற முடியாமல் முனகும்.

பிளக்கைப் பிடுங்கி, வெளியே எடுத்து, முன்கூண்டையும் இம்பெல்லரையும் கழற்றி, பாதி வெள்ளை வினிகர் பாதி தண்ணீரில் ஊறப்போடுங்கள். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரும் அதே வேலையைச் செய்யும், செலவும் குறைவு. நுரை அடங்கியதும் பழைய டூத் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிப் பூட்டிப் பாருங்கள்.

கையில் இருக்கும்போதே தண்டு என்ன நிறம் என்று பாருங்கள். வெள்ளையாக இருந்தால் செராமிக். உலோகத் தண்டு என்றால், ஸ்டெயின்லெஸ் என்று சொல்லியே விற்றிருந்தாலும், கடல் தண்ணீரில் ஒருநாள் துரு பிடிக்கும். காந்தத்தின் மேலுறையையும் பாருங்கள். வெடித்தோ, உப்பியோ, ஓரத்தில் பழுப்புக் கறையோ இருந்தால் பம்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் தண்ணீர் பட்டால் அரித்துப் பெருக்கும், பிறகு அந்த இடுக்கில் சுற்றாது. அதைவிட மோசம், அது தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். காயில் பக்கம் விரிசல் என்றால் செம்பு கசியும். மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் தாங்காது. காரணம் தெரியாமல் இறால் செத்துக்கொண்டிருந்தால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது பம்பைத்தான்.

எது நல்ல பம்ப் என்று கேட்டால் என் கணக்கு இதுதான். கருவி இல்லாமல் கையாலேயே கழற்ற முடிய வேண்டும். தண்டு, இம்பெல்லர், அடாப்டர், கன்ட்ரோலர் நாலும் தனித்தனியாக நம் ஊரில் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் வாங்குவேன்.

செங்காங் ரீஃப் (சிங்கப்பூர்)

அண்ணா சொல்வது சரி, ஆனால் பெயருக்கும் மதிப்பு உண்டு என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் ஓடுவது ஈகோடெக் வோர்டெக். மோட்டார் கண்ணாடிக்கு வெளியே, சுற்றும் பாகம் மட்டும் உள்ளே, நடுவில் காந்தப் பிடிப்பு. மின்சாரம் தண்ணீரைத் தொடுவதே இல்லை. மோட்டார் சூடும் பெரும்பாலும் வெளிக்காற்றோடு போய்விடும். எங்களைப் போல, உங்களைப் போல, தண்ணீரைக் குளிர்விக்கப் போராடும் ஊர்களில் அது பெரிய விஷயம்.

வாங்கும்போது கண்ணாடி கனத்தை அளந்துகொள்ளுங்கள். வோர்டெக்கில் சின்ன மாடலான எம்பி10 சுமார் 10 மில்லிமீட்டர் வரை, அதைவிடப் பெரிய எம்பி40 சுமார் 19 மில்லிமீட்டர் வரை பிடிக்கும். உங்களுடைய 4 அடிக்கு இரண்டு எம்பி10 அழகாகப் போதும். இல்லையென்றால் டுன்ஸே நானோஸ்ட்ரீம் 6040. ஜெர்மனியில் பென்ஸ்பெர்க்கில் செய்கிறார்கள். மணிக்கு சுமார் 4,500 லிட்டர் வரை தரும், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், மின்சாரமும் 10 வாட்டுக்குள்தான்.

மேக்ஸ்பெக்ட் ஜைர் மாதிரி உருளை பம்புகளையும் சிலர் சொல்வார்கள். டேங்க் அகலம் முழுவதும் பாய் விரித்தது போலத் தண்ணீரைத் தள்ளும், நீளமான டேங்க்குக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த உருளைக்கு இரண்டு முனையிலும் புஷ். கூண்டின் கீற்றுகளில் பாசி ஏறினால் வேகம் சட்டென்று விழும். அடிக்கடி கழுவ முடிந்தவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று. சம்ப்பிலிருந்து மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்பின் லிட்டரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த எண் உயரமே இல்லாத நிலையில் அளந்தது. 4, 5 அடி ஏறி, எல்போ எல்லாம் தாண்டி வரும்போது பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும். அதன் வேலை தண்ணீரை ஸ்கிம்மருக்கும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) சம்ப்புக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது. டேங்குக்குள் அலை எழுப்புவது அதன் வேலை இல்லை.

உப்புநீர் (கோவை)

இரண்டு எம்பி10-க்கு இங்கே 15,000 எப்படிப் போதும்? இறக்குமதி வரியும் சேர்ந்து அந்தப் பட்ஜெட்டைத் தாண்டி எங்கேயோ போய்விடும். ஜெபாவ் மாதிரி 24 வோல்ட் டிசி பம்ப் இரண்டு, உதிரியாக ஒரு இம்பெல்லர் செட், ஒரு அடாப்டர். இதெல்லாம் வாங்கியும் மீதி இருக்கும்.

செங்காங் ரீஃப் (சிங்கப்பூர்)

விலை குறைந்த டிசி பம்ப் வைத்திருந்த நண்பர்கள் கன்ட்ரோலர் போய், அடாப்டர் போய் மறுபடி மறுபடி வாங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒன்றாகிவிடும்.

பவளத்திட்டு (மயிலாப்பூர்)

சிங்கப்பூரில் கடைக்குப் போனால் அன்றைக்கே உதிரிப் பாகம் கிடைக்கும் தம்பி. இங்கே விலை உயர்ந்த பம்பின் உள்பாகம் தேய்ந்தால் ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலைமை. அந்த வாரங்களில் டேங்க்கை யார் பார்ப்பது? நல்ல பம்ப் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கும் அன்றே உள்பாகம் ஒன்றும் சேர்த்து வாங்கி வைக்க முடிந்தால்தான் வோர்டெக்கை இங்கே சிபாரிசு செய்வேன். முடியாது என்றால் இரண்டு எளிய டிசி பம்பும், அலமாரியில் ஒரு செட் உதிரியும் அதைவிட நிம்மதி.

டிசி பம்புகளில் முதலில் போவது மோட்டார் இல்லை. அடாப்டரும் கன்ட்ரோலரும்தான். ஸ்டாண்டுக்குள்ளே சம்ப் மேலேயே அவற்றை வைத்துவிடுகிறோம். உப்பு ஆவி ஏறி, பின்னில் பச்சை பூத்து, ஒருநாள் செத்துவிடும். ஸ்டாண்டுக்கு வெளியே, சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் வையுங்கள். அதுவே அவற்றின் ஆயுளைப் பெருமளவு கூட்டும்.

அலைவாய் (தூத்துக்குடி)

பிராண்ட் பேச்சுக்கு நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. உங்கள் பவளங்களுக்கு எவ்வளவு, எந்த மாதிரி ஓட்டம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினால் எந்தப் பம்ப் என்பது பாதி தீர்ந்துவிடும்.

பவளம் இடம்விட்டு நகராது. ஆக்சிஜன் வருவதும் கழிவு போவதும் அதன் மேல் ஓடும் தண்ணீரால்தான். எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஓடினாலும் அதன் தோலை ஒட்டி ஒரு மெல்லிய படலம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். ஆக்சிஜனும் கழிவும் அந்தப் படலத்தை மெதுவாக ஊடுருவித்தான் கடக்க வேண்டும். ஓட்டம் கூடும்போது படலம் மெலிகிறது, பவளம் மூச்சு விடுகிறது. பகலில் பவளத்தின் உள்ளே இருக்கும் பாசியே ஆக்சிஜன் தயாரித்துக் கொடுத்துவிடும். ராத்திரியில் பாசியும் பவளமும் சேர்ந்து ஆக்சிஜனை எடுக்கும். அதனால் சத்தம் என்று ராத்திரியில் வேவ்மேக்கரை அணைத்து வைப்பது நல்லதல்ல. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

உங்களிடம் இருப்பதெல்லாம் மென்பவளமும் அதை ஒட்டியவையும். டேங்க் தண்ணீரைப் போல மணிக்கு 15 மடங்கிலிருந்து 20 மடங்கு ஓட்டம் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. 200 லிட்டருக்கு 4,000 லிட்டர். மஷ்ரூமுக்கு அதிலும் குறைவு போதும், கீழே ஒதுக்கமான இடத்தில் வையுங்கள். லெதர் அவ்வப்போது மெழுகு மாதிரி ஒரு தோலை உரிக்கும். அந்தச் சமயத்தில் அதை அடித்துக்கொண்டு போக ஓட்டம் அவசியம், இல்லையென்றால் தோலுக்கடியில் அழுகும்.

பெட்டியில் உள்ள எண்களை ஒரு பிராண்டுக்குள் சின்னது பெரியது ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே முறையில் அளப்பதில்லை. கல் மறைக்கும், பாசி அடைக்கும். அதனால் மணிக்கு 4,000, 5,000 லிட்டர் என்று போட்ட டிசி பம்ப் இரண்டை வாங்கிப் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் சரியாக வரும். முழு வேகத்தில் திணறும் சின்ன பம்பைவிடப் பாதி வேகத்தில் ஓடும் நடுத்தர பம்புக்குத் தேய்மானமும் சத்தமும் குறைவு. ஒன்று நின்றாலும் மற்றதை ஏற்றி முழு டேங்க்கையும் சமாளிக்கலாம்.

20,000 லிட்டர் பம்பை இந்த டேங்க்கில் போட்டால் மணல் பறக்கும், ஒரே திசையில் பீய்ச்சும் தண்ணீரில் பவளத்தின் அந்தப் பக்கத் தோல் உரியும்.

நீலத்தொட்டி (பெரம்பூர், சென்னை)

அக்கா, ரொம்ப நன்றி. ராத்திரி வேகம் பற்றி எனக்கு இது வரை யாரும் சொன்னதில்லை. பவளத்திட்டு அண்ணா சொன்னபடி கழற்றிப் பார்த்தேன். உலோகத் தண்டுதான், ஒரு முனையில் துரு. காந்த உறையில் ஓரமாக ஒரு கோடு தெரிகிறது. எடுத்து வெளியே வைத்துவிட்டேன், இப்போதைக்கு நண்பர் கொடுத்த பழைய பம்ப் ஒன்று ஓடுகிறது.

பின்னால் கல்பவளம் வைக்க ஆசை, அதற்கும் சேர்த்துப் பெரிய பம்ப் இப்போதே வாங்கிவிடலாமா?

பவளத்திட்டு (மயிலாப்பூர்)

அந்த ஆசையை இங்கே விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன, கடல் விசிறிகளும் அதில் உண்டு. புலிக்கு உள்ள அதே அட்டவணை. யாராவது ராமநாதபுரம் மண்டபம் பக்கத்துச் சரக்கு என்று கொண்டுவந்து காட்டினால் தொடவே வேண்டாம். மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகள் வெப்பத்தில் வெளுத்து ஏற்கெனவே பட்ட பாடு போதும். ஜோவாவும் லெதரும் மஷ்ரூமும் வைத்தே பார்க்கிறவர் மெய்மறக்கும் டேங்க் அமைக்கலாம். அதற்கு அலைவாய் சொன்ன அளவு தாராளம்.

ஸ்கார்பரோ மீன் (டொரன்டோ)

வணக்கம். சென்னையில கரண்ட் போறதுபற்றிச் சொன்னபடியா எழுதுறன். 2013 டிசம்பரில இங்க ஐஸ் மழை பெய்து மரமெல்லாம் வயரில விழுந்து, நகரத்தில கனபேருக்கு நாள்கணக்கா மின்சாரம் இல்லை. எங்களுக்குக் குளிர் பயம், உங்களுக்குச் சூடு பயம். ஆனா இரண்டு இடத்திலயும் முதல்ல சாகடிக்கிறது ஆக்சிஜன் குறைவுதான். லைட் இரண்டு மூண்டு நாள் இல்லாட்டியும் பவளம் தாங்கும். தண்ணி அசையாமல் நிண்டால் மீன் தாங்காது. சூடான தண்ணியில கரையிற ஆக்சிஜனும் குறைவு, அதால உங்களுக்கு எங்களைவிட நேரம் குறைவு.

பற்றரியில ஓடுற சின்ன ஏர் பம்ப் ஒண்டு வாங்கி வையுங்கோ. மெயின் கரண்ட் நிண்டதும் தானாகத் தொடங்கிற வகையும் இருக்கு. வேவ்மேக்கர், கன்ட்ரோலர், எல்லாம் கைவிட்டாலும் அது மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரிட்டச் சொல்லி பம்ப் எடுப்பிக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல். இங்கத்தை ஏசி பம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்க பாவிக்கேலாது. டிசி எண்டால் அடாப்டரில 100–240 எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்து எடுங்கோ, பிளக் முனையை மட்டும் மாத்தினால் காணும்.

நீலத்தொட்டி (பெரம்பூர், சென்னை)

நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கமும் தண்ணீர் நின்று கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். அப்போது டேங்க் இல்லை. இப்போது வந்தால் என்ன செய்வது என்பதுதான் யோசனை. வீட்டில் 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் போட்டுவிடலாமா?

மின்கம்பி (மதுரை)

தாராளமாக. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 வோல்ட் × 150 ஏஎச் = 1,800 வாட் அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால் 900. இரண்டு டிசி பம்ப் சேர்ந்து 20 வாட். இன்வெர்ட்டர் தானே தின்பது இன்னொரு 15, 20 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன், லைட் எதையும் போடாவிட்டால் ஒரு நாள் ஓடும். ஃபேன் போட்டால் சில மணி நேரம்தான். புயல் அறிவிப்பு வந்தால் டேங்குக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள், பம்பையும் குறைந்த வேகத்தில் வையுங்கள். ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) எதுவும் அந்த லைனில் வேண்டாம்.

இன்வெர்ட்டர் சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் ஏசி பம்ப் முனகும், சூடேறும். அடாப்டரில் ஓடும் டிசி பம்ப் பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும்.

கடையில் வைத்தே ஒரு சோதனை செய்யுங்கள். பம்பை வாளியில் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் கழித்துப் போடச் சொல்லுங்கள். பழைய வேகத்திலேயே தானாகக் கிளம்ப வேண்டும். சில கன்ட்ரோலர்கள் கரண்ட் வந்தும் பட்டனை அழுத்தும் வரை சும்மா நிற்கும். பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு அந்தப் பம்ப் உதவாது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

ஆர்சிசிபி பற்றியும் ஒரு திருத்தம் சேர்த்துச் சொல்கிறேன். வேவ்மேக்கரையும் சில்லரையும் ஒரே ஆர்சிசிபியில் போட்டால் சில்லரில் கசிவு வந்து விழும்போது ஓட்டமும் நின்றுவிடும். இரண்டையும் தனித்தனி ஆர்சிசிபியில் பிரியுங்கள்.

அலைவாய் (தூத்துக்குடி)

கரண்ட் செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டிசி பம்ப் 20 வாட்டில் 60 நாளுக்கு 29 யூனிட்தான். பழைய வகை 40 வாட் ஏசி பம்ப் ஒன்றே 58 யூனிட் இழுக்கும். அதில் பெரும்பகுதி சூடாகத் தண்ணீரிலேயே இறங்கும், அதை இறக்க சில்லர் இன்னும் கொஞ்சம் ஓடும்.

நீலத்தொட்டி (பெரம்பூர், சென்னை)

முடிவு செய்துவிட்டேன். 24 வோல்ட் டிசி வேவ்மேக்கர் இரண்டு, ஒரே மாடல். கூடவே ஒரு இம்பெல்லர் செட், ஒரு அடாப்டர், பேட்டரி ஏர் பம்ப். எலக்ட்ரீஷியன் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஆர்சிசிபி இரண்டும் போடுகிறார். கடையில் வாளிச் சோதனைக்கு முதலில் தயங்கினார்கள், கேட்டதும் செய்து காட்டினார்கள், தானாகவே கிளம்பியது.

எங்கே பொருத்துவது என்று மட்டும் சொல்லுங்கள்.

பவளத்திட்டு (மயிலாப்பூர்)

இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொன்று, நேருக்கு நேராக இல்லாமல் ஒன்று முன்பக்கம் ஒதுங்கி, மற்றது பின்பக்கம் ஒதுங்கி. இரண்டும் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினால் மேற்பரப்பு சுருக்கம் விழுந்து அசையும், ஆக்சிஜன் அங்கிருந்துதான் இறங்குகிறது. தண்ணீர் எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பி வருவது பவளத்துக்குப் போதும், பம்ப் வாயை நேராக லெதர் மீது காட்டாதீர்கள். கன்ட்ரோலரில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி மாற்றி மாற்றி வையுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றது. பின்னால் அனிமோன் (கடல் சாமந்தி) வாங்கினால் அதற்கு முன்பே இரண்டு கூண்டுக்கும் நுரைப் பஞ்சு உறை போட்டுவிடுங்கள். அனிமோன் ராத்திரியில் நகர்ந்து பம்புக்குள் போய்விடும்.

உப்புநீர் (கோவை)

பொருத்தியதும் போட்டோ போடுங்கள் ப்ரோ, மணல் எங்கே பள்ளம் விழுகிறது என்று பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம்.